குண்டு யாரைப் பார்க்குது

எங்க சங்கிலித்துறை மார்க்கெட்டுல போணிங்கிறது வெறும் முதல் வியாபாரம் இல்ல சாமி, அது பட்டாபிஷேகம். பொழுது விடியறதுக்கு முந்தி வண்டி வண்டியா கீரையும் கத்திரிக்காயும் கருவாடும் வந்து எறங்கிடும், ஆனா ஒரு கடையும் சாக்கைத் தொறக்காது, தராசைத் தொடாது, அப்படியே காத்துக்கினு கிடக்கும்; ஹார்பர் பக்கமிருந்து பெரிய மேஸ்திரி செருப்பு சரசரக்க நடந்து வந்து, அன்னைக்கு எவ மூஞ்சி அவருக்குப் புடிக்குதோ அவ கடை முன்னால நின்னு, ஒரு எலுமிச்சம்பழமோ ஒரு கட்டு கீரையோ எடுத்துக்கினு காசைக் கையில வைப்பாரு; அவ அந்தக் காசை ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்குவா; ஒத்திக்கினதும் "போணி ஆச்சி"ன்னு ஒரு சத்தம் இந்த வாசல்லேர்ந்து அந்த வாசலுக்குத் தாவும், அப்பாலதான் மார்க்கெட்டே மூச்சு விடும். மாமூல் வாங்கறவன் எல்லாம் பெரிய மேஸ்திரி கிடையாது, கத்தி வச்சிருக்கறவன் எல்லாம் பெரிய மேஸ்திரி கிடையாது. போணி பண்றவன்தான் பெரிய மேஸ்திரி.

நான் அந்த மார்க்கெட்டு வாசல்ல ஆப்பம் சுடறவ. சௌந்தரம்னு பேரு வச்சாங்க, அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்ல, ஊருக்கே நான் ஆப்பக்கார அக்கா. எனக்கு ஒரே தம்பி, துளுக்காணம். காலராவுல எங்கம்மா போனப்போ அவன் தவழ்ந்துக்கினு இருந்தான், என் இடுப்புலயே வளந்தான், நான் மெல்லுறதுல பாதி அவன் வாய்க்குத்தான் போகும். அப்படி வளத்தவன் நல்ல வழிக்கா போனான்? வரதப்ப மேஸ்திரி கிட்ட அடியாளாப் போய்ச் சேந்தான். அப்போ வெள்ளைக்காரன் காலம். கப்பல்ல வர்ற சரக்குல பாதி சர்க்கார் வழியாப் போகும், பாதி மேஸ்திரிங்க வழியாப் போகும். கரிக்கு ஒரு மேஸ்திரி, மீனுக்கு ஒருத்தர், தானிய மண்டிக்கு ஒருத்தர், கள்ளுக்கு ஒருத்தர், இந்த நாலு பேரு தலைக்கும் மேல பெரிய மேஸ்திரி வரதப்பர். அவருக்காக என் தம்பி எத்தனை மண்டையை உடைச்சானோ அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். ஒரு நாள் காத்தால ஆப்பத்தைப் பிச்சுக்கினே கேட்டான், "யக்கா, அந்தாளு கையிலயும் அஞ்சு விரல்தான் கீது, என் கையிலயும் அஞ்சு விரல்தான் கீது. நான் போணி பண்ணா காசு செல்லாதா?"

"வாயை மூடிக்கினு தின்னுடா"ன்னேன். வேற இன்னா சொல்றது?

ரங்கூன் கப்பல் கலாசி ஒருத்தன் கிட்ட அவன் துப்பாக்கி வாங்கி இடுப்புல சொருகி வச்சிருந்தது எனக்குத் தெரியாது. மறுநாள் வரதப்பர் எலுமிச்சம்பழக் கூடை முன்னால குனிஞ்சாரு, என் தம்பி எதிர்ல நின்னு சுட்டான். படார்னு சத்தம், ஒரே பொகை, காக்கா எல்லாம் கெளம்பிப் பறந்துச்சி, நான் ஆப்பச்சட்டியைக் கீழ போட்டுட்டேன். பொகை கலைஞ்சா, அந்தப் பொகைக்குள்ளேர்ந்து குண்டு வெளிய வருது, மெதுவா, கல்யாண ஊர்வலத்துல மாப்பிள்ளை வர்ற மாதிரி. இல்ல, அதைவிட மெதுவா. எறும்பு ஊர்ற வேகம். நெஞ்சு ஒசரத்துல, மூக்கை வரதப்பர் பக்கம் நீட்டிக்கினு, யாருக்கும் அவசரம் இல்லாத மாதிரி வந்துக்கினு இருந்துச்சி. பழக்காரி தன் கூடையை ஒரு சாண் நகத்தி அதுக்கு வழி விட்டா. வரதப்பர் அதைப் பாத்தாரு, பழத்தை எடுத்தாரு, காசைக் குடுத்தாரு, அவ கண்ணுல ஒத்திக்கினா, போணி ஆச்சி, மார்க்கெட்டு தொறந்துச்சி.

அவரு ஆளுங்க என் தம்பியைப் புடிச்சி அடிக்க வந்தாங்க. நான் குறுக்க போய் விழுந்தேன். வரதப்பரே கையைத் தூக்கித் தடுத்துட்டாரு. "அவனைத் தொடாதீங்கடா. சுட்டவன் செத்தா அந்தச் சனியனுக்குக் கோவம் வந்து வேகமா வந்துட்டா நான் இன்னா பண்ணுவேன்?"ன்னாரு. அந்தப் பயத்துலதான் என் தம்பி பொழைச்சான், வேற புண்ணியம் ஒண்ணும் அவன் கணக்குல இல்ல.

அந்தக் குண்டு நிக்காது, திரும்பும். வரதப்பர் கெழக்கே போனா கெழக்கே, மேற்கே போனா மேற்கே. நடுவுல ஆள் வந்தா ஆளைச் சுத்திக்கினு போகும், மாடு வந்தா மாட்டைச் சுத்திக்கினு போகும், செவுரு வந்தா மட்டும் பொறுமையாத் தொளை போட்டுக்கினு அந்தப் பக்கம் போகும். கொஞ்ச நாள்ல எங்க ஜனம் அதோட பழகிப் போச்சி. புள்ளைங்க அதுக்குப் பின்னால வரிசையா நின்னு ரயில் விட்டாங்க. வழி கேட்டு வந்தவங்களுக்கு "குண்டுக்கு இந்தாண்ட மூணாவது வீடு"ன்னு சொன்னாங்க. செவுத்துல தொளை விழுந்த வீட்டுக்காரிங்க அதுல ஆணி அடிச்சி முறம் மாட்டினாங்க. வெள்ளிக்கிழமை ஒருத்தி மஞ்சள் குங்குமம் வைக்கப் போனா, அது நகந்துக்கினே இருந்ததால பொட்டு பூரா நாமமா இழுத்துக்கினு போச்சி, அதுக்கப்பறம் ஒரு வாரம் அது சிவன் கட்சியா பெருமாள் கட்சியான்னு சண்டை. வெள்ளைக்கார போலீஸ் சார்ஜன் ஒருத்தன் வந்து கையில புடிச்சிப் பாத்தான், கை வெந்து போச்சி. சுட்டாச்சின்னு கேஸ் எழுதறதா, இன்னும் சுடலைன்னு எழுதறதான்னு ரொம்ப நேரம் யோசனை பண்ணிட்டு, ஒண்ணும் எழுதாம என் கிட்ட ஆப்பம் தின்னுட்டுப் போனான். காசு குடுக்கல, கஸ்மாலம்.

வரதப்பருக்குத்தான் தூக்கம் போச்சி. ஒரு வீட்டுல படுப்பாரு, அது வாசலுக்கு வந்துச்சின்னு ஆள் வந்து எழுப்புவான், ஜட்கா கட்டிக்கினு இன்னொரு வீட்டுக்குப் போவாரு, தலையைச் சாய்ப்பாரு, மறுபடி எழுப்புவான். ரயிலேறி அரக்கோணம் போய்ப் பாத்தாரு. குண்டு தண்டவாளத்து ஓரமாவே கெளம்பிப் போச்சி, பேசின் பிரிட்ஜ் தாண்டிச்சாம்னு சேதி வந்தது, அந்தாளு பயந்துக்கினு வேற ரயில்ல திரும்பி வந்துட்டாரு. அப்படியே எங்கயாவது போய்த் தொலைஞ்சிருக்கலாமே? போணியை விட மனசு வரல. கண்ணு ரெண்டும் குழிக்குள்ள போயி, நடக்கறப்பவே தூங்கி, தூங்கறப்பவே நடந்து, ஒவ்வொரு நாள் விடியலும் வந்து காசு வச்சாரு. ஒரு நாள் வரல. மார்க்கெட்டு காத்துக் கெடந்துச்சி. வெயில் ஏறிப் போச்சி, கீரை வாடுது, மீனுக்கு ஈ மொய்க்குது, ஒருத்தியும் சாக்கைத் தொறக்கல. என் தம்பி கீரைக்காரி முன்னால போய் நின்னு ஒரு கட்டை எடுத்துக்கினு காசை நீட்டினான். அவ அந்தப் பக்கம் பாத்தா, இந்தப் பக்கம் பாத்தா, வாடற கீரையைப் பாத்தா, காசை வாங்கிக் கண்ணுல ஒத்திக்கினா. அவ்ளோதான். வரதப்பர் வீட்டு வாசல் வரைக்கும் போயிருந்த குண்டு அங்கேயே நின்னு, மூக்கைத் திருப்பி, மார்க்கெட்டைப் பாத்துக் கெளம்பிச்சி. அந்தாளு வாசப்படியிலயே சாஞ்சி தூங்க ஆரம்பிச்சாரு; எழுப்ப எழுப்ப எழுந்திரிக்கல; அப்பால உடம்பு தேறி, தொப்பை வச்சி, கோழி வளத்துக்கினு ராஜாவாட்டம் இருந்தாரு.

"என்னைப் பாக்குது பாத்தியாக்கா"ன்னு என் தம்பி குதிச்சான். அவன் சுட்ட குண்டு அவனையே பாக்குது, அதுக்கு ஒரு சந்தோஷம்! அப்பாலேர்ந்து எனக்கும் உக்காந்த எடத்துல இருப்பு கொள்ளல. அவன் நடப்பான், நான் தூக்குல ஆப்பத்தையும் பாலையும் எடுத்துக்கினு பின்னால நடப்பேன், நடந்துக்கினே ஊட்டுவேன், திரும்பித் திரும்பிப் பாப்பேன். "டேய், நாளைக்குப் போணிக்குப் போகாதடா, வேற எவனாவது போய்ச் சாவட்டும்"னு கையைப் புடிச்சிக் கெஞ்சுவேன். "அப்போ அது வேறவனைப் பாக்கும்க்கா"ம்பான், என்னமோ பொண்டாட்டி வேறவனைப் பாக்கற மாதிரி.

இந்தக் கூத்து போதாதுன்னு மத்த நாலு மேஸ்திரிங்களுக்கும் வயிறு எரிய ஆரம்பிச்சிடுச்சி. குண்டு தன் பக்கம் திரும்பினாத்தான் மனுஷன்னு ஆயிப் போச்சி. ஒரு நாள் கரி மேஸ்திரி முந்திக்கினு வந்து போணி பண்ணுவாரு, குண்டு அவரு பக்கம் திரும்பும், தெரு பூரா பட்டாசு. மறுநாள் மீன் மேஸ்திரி முந்திக்குவாரு, குண்டு இந்தாண்ட வரும். இன்னொரு நாள் கள்ளு மேஸ்திரி. இன்னொரு நாள் என் தம்பி திரும்பப் புடிப்பான். நேத்து ஓடினவன் இன்னைக்கு "ஐயோ, என்னை உட்டுட்டு அவனைப் பாக்குதே"ன்னு அழுவான். விடியற நேரத்துல மார்க்கெட்டு வாசல்ல கத்திக்குத்து நடக்காத நாளே இல்ல. பொணம் விழுந்துச்சி சாமி, வண்டி வச்சி எடுத்துக்கினு போனாங்க. அந்தக் குண்டு ஒருத்தனையும் தொடல. அது யாரைப் பாக்கணும்ங்கற சண்டையிலதான் அத்தனை பேரும் செத்தானுங்க.

என் தம்பிக்கு விலாவுல ஒரு கத்தி எறங்கி, நான் புடவைத் தலைப்பைக் கிழிச்சிக் கட்டின அன்னைக்கு எனக்கு வெறி புடிச்சிடுச்சி. நாலு மேஸ்திரிங்க, என் தம்பி, அஞ்சு பேரையும் என் கடைக்கு வரச் சொன்னேன். வந்தானுங்க, ஆப்பம் கெடைக்கும்னு வந்தானுங்க.

"தாலி அறுந்தவளுங்களுக்கு நீங்களாடா கஞ்சி ஊத்துவீங்க?"ன்னு கேட்டேன். "ஒரு காசு. அஞ்சு பேரும் அதைச் சேந்து புடிங்க. அஞ்சு கையும் சேந்து வச்சாத்தான் போணி. ஒத்தையா நீட்டினா எவளும் வாங்க மாட்டா. நான் எல்லா பொம்பளைங்க கிட்டயும் சொல்லிட்டேன்."

"பெரிய மேஸ்திரி யாருன்னு சொல்றது?"ன்னு மண்டி மேஸ்திரி கேட்டாரு.

"யாரும் இல்லைன்னு சொல்லு. வாய் வலிக்குமா?"

முணுமுணுத்தானுங்க, ஆனா எல்லாருக்கும் தூக்கம் வேண்டி இருந்துச்சி. மறுநாள் அஞ்சு முரட்டுக் கையும் ஒரு சின்னக் காசை ஓரத்துல ஓரத்துல புடிச்சிக்கினு, ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிச்சிக்கினு, வெண்டைக்காய்க்காரி முன்னால வந்து நின்னாங்க. அவ சிரிப்பை அடக்கிக்கினு கண்ணுல ஒத்திக்கினா. குண்டு இப்படிப் பாத்துச்சி, அப்படிப் பாத்துச்சி, யாருன்னு தெரியாம சுத்திச் சுத்தி வந்து, கடைசியில என் கடை முன்னாடி அந்தரத்துல நின்னு போச்சி. வரதப்பர் உக்காந்திருந்த ஈட்டி மரத்து நாற்காலியை மார்க்கெட்டு அந்தக் கோடியில போட்டு, யாரும் உக்காரக் கூடாதுன்னு கட்டளை ஆச்சி. ஜனம் நிம்மதியா மூச்சு விட்டுச்சி. நின்ன குண்டு சூடு ஆறிப் போச்சி, அது மேல பூக்காரி சரம் தொங்க விட்டா, ஜட்காக்காரன் சாட்டையை மாட்டினான். ஆடி போய் ஆவணி வந்து, வருஷமும் ஓடிச்சி. என் தம்பி தூங்கினான். நான் அவன் தூங்கறதைப் பாத்துக்கினே தூங்காம இருந்தேன், அது ஒரு சொகம்.

ஆனா அவனுக்கு உடம்புதான் தூங்குச்சி, மனசு தூங்கல. அஞ்சுல ஒண்ணா இருக்க அவனால முடியல. கடைக்கு வருவான், குண்டு முன்னால நிப்பான், இந்தப் பக்கம் நகருவான், அந்தப் பக்கம் நகருவான், அது அவனைக் கண்டுக்கவே கண்டுக்காது. "இது என் குண்டுக்கா, நான் துட்டு குடுத்து வாங்கினது, நான் சுட்டது"ம்பான். பாவமாவும் இருக்கும், செவுள்ல ஒண்ணு வைக்கலாம்னும் இருக்கும்.

ஒரு நாள் விடியறதுக்கு முந்தி நான் அடுப்பு மூட்டி முதல் ஆப்பம் எடுக்கறேன், வண்டிங்க இன்னும் எறங்கிக்கினு இருக்கு, மத்த நாலு பேரும் வரல. தம்பி வந்தான். "யக்கா, பசிக்குதுக்கா."

புள்ளை பசின்னு சொல்றான். ஆப்பத்தை வாழை எலையில வச்சி நீட்டினேன். அவன் வாங்கிக்கினு, என் உள்ளங்கையில எதையோ வச்சி, என் விரலை மடக்கி விட்டான். அக்கா கடையில தம்பி என்னைக்கு காசு குடுத்தான்? பொறந்ததுலேர்ந்து குடுத்ததில்ல. அது காசுன்னு என் புத்திக்கு எட்டறதுக்கு முன்னால, முப்பது வருஷம் ஆப்பம் வித்த என் கை தானா மேல போயி ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிச்சி.

"போணி ஆச்சி!"ன்னு அவனே கத்தினான்.

குண்டு சாட்டையையும் பூவையும் உதறிட்டு அவன் பக்கம் திரும்புச்சி. அவன் சிரிச்சிக்கினே, அதுக்கு முதுகைக் காட்டிக்கினு, மார்க்கெட்டு நடுவுல நடந்து போயி, அந்தக் கோடியில இருந்த ஈட்டி மரத்து நாற்காலியில உக்காந்து, கால் மேல கால் போட்டுக்கினான்.

"எந்திரிடா"ன்னேன்.

"வரதப்பர் ஓடினாரு, நான் ஓடினேன், அந்த நாலு பேரும் ஓடினானுங்க. ஓடாதவன்தான் பெரிய மேஸ்திரி. என் குண்டு என்னைக் குத்தாதுக்கா, பக்கத்துல வந்து நிக்கும் பாரு."

குண்டு கீரைக்கடையைத் தாண்டிச்சி. ஜனம் கூடிப் போச்சி. கூரை மேல ஏறினாங்க, வண்டி மேல ஏறினாங்க, சுண்டல் விக்கறவன் கூட வந்துட்டான். வெயில் ஏறிச்சி. அது வெங்காய மூட்டைங்களைத் தாண்டிச்சி. நான் முன்னால போய் நின்னேன், என்னைச் சுத்திக்கினு போச்சி. புடவையைச் சுத்திப் புடிச்சி இழுத்தேன், புடவை கருகிச்சி, உள்ளங்கை வெந்துச்சி, அது பாட்டுக்குப் போச்சி. அதுக்குள்ள வந்து நின்ன நாலு மேஸ்திரிங்க கிட்ட ஓடினேன். "ஐயா, அவனைத் தூக்கி அந்தாண்ட போடுங்கய்யா, உங்க காலைப் புடிக்கறேன்." ஒருத்தரும் அசையல. அவங்க கண்ணு என் தம்பி மேலயும் இல்ல, குண்டு மேலயும் இல்ல, அந்த நாற்காலி மேல இருந்துச்சி.

திரும்பி ஓடி வந்தேன். அது அவன் நெஞ்சுக்கு ஒரு முழம் கிட்ட வந்துட்டுது. அவன் நெத்தியில வேர்வை, பயந்துட்டான், எனக்குத் தெரியாதா, நான் தூக்கி வளத்த ஒடம்பு. "எந்திரிடா கண்ணு"ன்னேன்.

"எல்லாரும் பாக்குறாங்கக்கா"ன்னு பல்லைக் கடிச்சிக்கினு மெதுவாச் சொன்னான். "இப்போ எந்திரிச்சா நான் யாரு?"

ஒரு சாண். அவன் கண்ணுல தண்ணி வந்துடுச்சி, ஆனாலும் எந்திரிக்கல. சட்டைப் பொத்தான்ல அதோட சூடு பட்டுப் பொகை வருது. எனக்கு எங்கேர்ந்து வந்துச்சோ தெரியல, கையை ஓங்கி, அந்த ஜனம் அத்தனையும் பாக்க, பெரிய மேஸ்திரி கன்னத்துல பளார்னு ஒண்ணு வச்சேன். "ஆப்பம் தின்ன வாயைத் தொடைக்கத் தெரியல, உனக்கு மேஸ்திரி ஒரு கேடா? எந்திரிடா பேமானி!"ன்னு காதைப் புடிச்சித் திருகினேன்.

கீரைக்காரி களுக்குன்னு சிரிச்சா. அவ பக்கத்துல இருந்தவ சிரிச்சா. கூரை மேல இருந்தவன் சிரிச்சான், சுண்டல்காரன் சிரிச்சான், வயித்தைப் புடிச்சிக்கினு மார்க்கெட்டு பூரா சிரிச்சிச்சி. அக்கா கிட்ட அறை வாங்கினவனை எந்த ஊர்ல பெரிய மேஸ்திரின்னு சொல்லுவான்? அந்தச் சிரிப்புல குண்டு பொத்தானைத் தொட்ட மேனிக்கு நின்னு போச்சி. மூக்கு தொங்கிப் போச்சி.

என் தம்பி எழுந்து நின்னான். கன்னத்துல என் விரல் அஞ்சும் பதிஞ்சிருந்துச்சி. என்னை ஒரு பார்வை பாத்தான். அது மாதிரி பார்வையை எந்த எதிரி கிட்டயும் அவன் காட்டி நான் பாத்ததில்ல. "என்னைக் கொன்னுட்டியே"ன்னான். மீன் வாசல் வழியா நடந்து போனான், ஜனம் சிரிச்சிக்கினே வழி விட்டுச்சி, குண்டு அவன் பின்னால போகல. நான் அந்த மண்ணுலயே உக்காந்து, அவன் முதுகு மறையற வரைக்கும் பாத்து, அப்பால ஓன்னு அழுதேன்.

அழுது முடிச்சி நிமிந்தா, குண்டு மெல்ல மெல்லத் திரும்புது. கரி மேஸ்திரி மீசையை நீவிக்கினாரு, கள்ளு மேஸ்திரி வயித்தை எக்கிக்கினாரு, மண்டி மேஸ்திரி தலைப்பாகையைச் சரி பண்ணிக்கினாரு. அது நாலு பேரையும் தாண்டிப் போயி என்னைப் பாத்து நின்னுச்சி. பெரிய மேஸ்திரியை அறைஞ்சவ நான்தானே. பழக்காரிதான் முதல்ல கையெடுத்துக் கும்புட்டா. "போணி பண்ணு அக்கா"ன்னா.

அன்னையிலேர்ந்து நான்தான் போணி. ஆப்பக்கடையைத் தள்ளுவண்டியில ஏத்திட்டேன், நடந்துக்கினே மாவு ஊத்தறேன், நடந்துக்கினே சுடறேன், கோழித்தூக்கம் தூங்கறேன். மாமூல் நின்னுதான்னு கேக்காதீங்க, கொறைஞ்சிச்சி. "ஏன் அக்கா இந்தக் கஷ்டம், வேற யாருக்காவது விட்டுக் குடேன்"னு நாலு மேஸ்திரிங்களும் ரொம்பப் பாசமா கேக்கறாங்க. விட்டா? விட்ட மறுநாளே அது எவன் கையிலயாவது போயி, கத்தி எடுத்து, சேதி பரவி, என் தம்பி காதுல விழுந்து, அவன் திரும்பி வந்துடுவான். என் கிட்டேர்ந்து அதை வாங்க மட்டும் அவன் வர மாட்டான். அறைஞ்சவ மூஞ்சியில முழிக்க மாட்டான், அந்த ரோஷம் எனக்குத் தெரியும்.

திருவள்ளூர் பக்கம் நெல் வண்டி ஓட்டறானாம். கல்யாணம் ஆகி ஒரு பொண்ணு இருக்காம். மண்டிக்கு வந்த வண்டிக்காரன் ஒருத்தன் போன மாசம் சொன்னான், தயங்கித் தயங்கிச் சொன்னான், "உங்க தம்பி கிட்ட அக்கா சௌக்கியமான்னு கேட்டேன். எனக்கு அக்காவே கெடையாது, அவ செத்துட்டான்னு சொன்னாரும்மா."

"சத்தமாச் சொன்னானா?"ன்னு கேட்டேன்.

"கத்தினாரும்மா. மாடு மெரண்டுடுச்சி."

அன்னைக்கு அந்த வண்டிக்காரனுக்குக் காசே வாங்காம நாலு ஆப்பம் குடுத்தேன். தம்பி கத்தறான்னா நெஞ்சுல அவ்ளோ மூச்சு இருக்கு, நெஞ்சுல தொளை இல்ல, அவ்ளோதானே நான் கேட்டது. ஏன் எலையைப் பாத்துக்கினே உக்காந்திருக்கீங்க, அதைக் கையில எடுத்துக்கினு எந்திரிங்க, குண்டு புளிய மரத்தைத் தாண்டி வந்துட்டுது, நாம நடக்கலாம்.